இருபது நிமிடம்

ஆலோசனை அறையில் தந்த சீட்டில்
மாத்திரைப் பெயர் எதுவும் இல்லை.
"பறவை பார்க்கவும். தினம் இருபது நிமிடம்."
சிரித்துவிட்டேன்.
கம்பாலாவில் பறவைக்கா பஞ்சம்?
குப்பைத் தொட்டிக்கு நாலு மராபூ நாரை,
வழுக்கைத் தலையும் தொங்கும் தொண்டைப் பையுமாய்
வட்டி கேட்க வந்தவர்கள் மாதிரி.

முதல் நாள் கைபேசியோடு போனேன்.
கட்டண பாக்கி, மறுதேர்வுப் பட்டியல்,
அண்ணன் ஒஜாராவின் எடுக்காத அழைப்பு மூன்று.
பறவை என்று ஒன்றையும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மழை.

மூன்றாம் நாள்
அபலோ இரவல் தந்த பைனாகுலர்.
இடது கண்ணாடியில் கீறல்.
கீறலுக்கு அந்தப் பக்கம் ஒரு மராபூ
தன் காலிலேயே எச்சமிட்டபடி நின்றது.
வெயிலுக்குக் குளிர்ச்சி என்றாள் அபலோ,
அதனால்தான் அந்த வெள்ளைக் கால்,
சுண்ணாம்பு அடித்த கம்பி.

எவ்வளவு அசிங்கம்.
அதைப் பற்றி எவ்வளவு அக்கறையின்மை!

பிறகு எழும்பியது.
நூலகக் கூரை தாண்டி
வண்டேகெயா நெரிசலுக்கு மேலே
வெப்பக் காற்றில் ஏறி
சிறகடிக்காமல், அவசரப்படாமல்
வட்டம், வட்டத்துக்கு மேல் வட்டம்.
கழுத்து வலித்த பிறகுதான்
கழுத்து இருப்பது தெரிந்தது.

புள்ளியியல் தேர்வு அதே வியாழன்தான்.
கட்டணமும் கட்டியாகவில்லை.
மாமரத்தில் சாம்பல் நிற வாழைத்தின்னி ஒன்று
என் கணக்கைப் பார்த்துவிட்டதுபோல்
கெக்கெக்கென்று சிரித்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன்:
மராபூ, பதினொன்று.
வாழைத்தின்னி, ஒன்று.
நிமிடம், நாற்பத்தேழு.
எச்சம், வலது தோளில், ஒன்று.