வருகைப் பதிவேடு

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே
ஏழு மைல் கோதுமை. மொன்டானா.
சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம்,
பின்னக் கணக்கில் வெண்ணெய்க் கறை.

ஈபனுக்கு ஒன்பது வயது.
கிணற்று மோட்டார் பழுதுபார்க்க வந்தவரிடம்
வால்வைப் பற்றி அரைமணி நேரம் பேசுவான்.
தபால்காரி லோர்னாவின் முழங்கால் வலியை
மறக்காமல் விசாரிப்பான்.
தன் வயதுப் பிள்ளை எதிரே வந்தால் மட்டும்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது.

"பையனுக்குச் சிநேகிதர்கள் உண்டா?"
நன்றி நாள் விருந்தில் நாத்தனார் கேட்டாள்,
வான்கோழிக் காலைத் திருகிக்கொண்டே.
உப்பு வேண்டுமா என்றேன்.

வியாழன்தோறும் தேவாலயத்தின் நிலவறையில்
வீட்டில் படிக்கும் பிள்ளைகள் கூடுவார்கள்,
பதினொரு பேர்.
"நீ எத்தனையாவது?" என்றாள் ஒருத்தி.
"எந்தப் பாடத்தில்?" என்றான் இவன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான்,
ஒரு நொடி தாமதமாக.

அன்றிரவு குளியலறைக் கண்ணாடி முன்
அவன் சிரித்துப் பழகுவது கேட்டது.
துவைத்த துண்டுகளோடு
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

நாத்தனாரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நான் படித்த பள்ளியில் எண்ணூறு பேர்.
எட்டாம் வகுப்பு முழுக்க
மதியச் சாப்பாடு கழிப்பறையில்,
கதவின் கீழே தெரியாதபடி
கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு.
நாலு பேரோடு பழகக் கற்கும் இடம் என்றுதான்
அதையும் சொன்னார்கள்.
இவனை நான் வீட்டில் வைத்திருப்பது
இவனுக்காகவா, அந்தப் பெண்ணுக்காகவா?
கேட்டதும் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

இந்த வியாழன் கன்னத்தில் நகக்கீறலோடு
வண்டியில் ஏறினான்.
பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது அம்மா,
டெக்லா பொய் சொன்னாள், நான் கத்தினேன்,
அவள் கீறினாள், அவள் தொப்பியைப்
பனியில் வீசிவிட்டேன்,
பிறகு இரண்டு பேருமாய்த் தேடினோம்,
கிடைக்கவேயில்லை, வெள்ளைத் தொப்பி.
இருபது மைலும் வாய் ஓயவில்லை.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல
விரல் கீறலுக்கே போய்ப் போய் வந்தது.
"அடுத்த வாரமும் அவள் வருவாளா?"

இரவு பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி. வருகை, உண்டு. நேரம், மூன்றரை மணி.
பாடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கணக்கில் சேராது. அறிவியலிலும் சேராது.
தொப்பி என்று எழுதி மூடினேன்.
மாவட்ட அலுவலகத்தில் யாராவது கேட்டால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.