விளக்கெண்ணெய்

இந்த இஞ்சினில் தண்டு அசையாது.
ஒன்பது சிலிண்டரும் சேர்ந்து அதைச் சுற்றி வரும்,
தேர் நிற்க, தெரு ஓடுகிற மாதிரி.
விக்கிரமநாயக்க சொன்னபோது நான் நம்பவில்லை.
இராயப்பன் மட்டும் மூலையிலிருந்த கல்லைப் பார்த்து
"கேட்டுக்கோ ரோதைமுனி, இது முழுசுமே ரோதை" என்றான்.

பழைய ஸ்டோர் இப்போது ஹோட்டல்.
கொழுந்து வாட்டிய மாடியில் வெள்ளைக் கட்டில்கள்.
கீழே ரோலர் ஓடிய சிமெந்துத் தரையில்
எந்தத் துரையோ முதல் சண்டையில் பறந்துவிட்டு
பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த இஞ்சின்.
திறப்பு விழாவில் பத்து நிமிடம் ஓடவேண்டும்.
எண்ணெய்ப் பம்புக்காக எங்கள் இருவரை
நோர்வூட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கொந்தரப்பு.

ஒரு தேங்காய்ப் பருமன்தான் பம்பு.
மூடியைக் கழற்றினால்
அன்றைய எண்ணெய் பலாப்பாலாய் இறுகி
இரண்டு பிளஞ்சரையும் பிடித்துவைத்திருந்தது.
பெட்ரோலில் ஊறவைத்தோம். அசையவில்லை.
பெட்ரோலோடு சேராது என்றுதானே
விளக்கெண்ணெயை ஊற்றினார்கள், என்றார் விக்கிரமநாயக்க.
ஸ்பிரிட் வேண்டும்.
பார்மசிக்காரன் சீட்டுக் கேட்டான்.
இராயப்பன் ஆற்றோரமாய் இறங்கிப் போய்
முதல் வடி கசிப்பு ஒரு போத்தல் கொண்டுவந்தான்.
ஒரு ராத்திரி.
காலையில் பிளஞ்சர் தானாக வழுக்கிக்
கையில் வந்து விழுந்தது.
போத்தலின் மிச்சத்தை நான் ஒளித்துவைத்தேன்.

குண்டு வால்வில் துருவில்லை.
ஸ்பிரிங் மட்டும் களைத்திருந்தது, புதிதாய்ச் சுற்றினோம்.
பூட்டுமுன் ஒவ்வொன்றையும் எண்ணெயில் நனைக்கவேண்டும்.
உலர்ந்து உள்ளே போனால் முதல் சுற்றிலேயே கீறும்.
அட்டன் நாட்டுமருந்துக் கடையில்
எட்டு லீட்டர் விளக்கெண்ணெய் கேட்டபோது
"எத்தினி பேருக்கு வயிறு?" என்றார் கடைக்காரர்.

கேஸ்கட்டுக்குத்தான் தாள் அமையவில்லை.
எல்லாம் மெல்லிசு, இல்லையேல் தடிப்பு.
ஆபீஸ் அலுமாரியின் அடியில் ஒரு செக்ரோல்,
கறையான் தின்றது போக நாலு தாள்.
மைக்ரோமீட்டரில் வைத்தேன். அளந்து செய்ததுபோல் இருந்தது.
வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

வீராயி. சுகமில்லை என்றாள்.
எண்ணெய் கொடுத்தது. அரைப்பேர்.
சடையன். சுகமில்லை என்றான்.
எண்ணெய் கொடுத்தது. பேர் இல்லை.

வருத்தமென்று சொன்ன வாய்க்கு
டிஸ்பென்சர் கரண்டி கரண்டியாய் ஊற்றியது,
மேலே பறந்த துரையின் முகத்தில்
புகையாய் அடித்து அவர் வயிற்றையும் கலக்கியது,
ஒரே எண்ணெய்.
அவர் பறந்த நாளுக்கு அரைப்பேர் போட்டிருப்பார்களா
என்று இராயப்பன் கேட்டான்.
நான் பதில் சொல்லவில்லை.
வேறு தாள் தேடினேன். இல்லை.
போல்ட் துவாரங்களைக் குறித்து,
பெயர் இருந்த பக்கம் உள்ளே வர,
வெட்டினேன்.

விழாவன்று
கண்ணாடிக் குமிழுக்குள் எண்ணெய் எழும்பித் தாழ்ந்தது.
அந்தத் துடிப்பு நிற்காதவரை பம்பு உயிரோடு.
காற்று ஒரு முட்டை புகுந்திருந்தாலும் நின்றிருக்கும்.
இராயப்பன் தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினான்,
யாருடையதை என்று தெரியவில்லை.
இந்த இஞ்சினுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது.
தொட்டியில் ஊற்றுவதெல்லாம் காற்றில்தான் முடியும்.
நாங்கள் சொல்லியிருந்தோம், தள்ளி நில்லுங்கள் என்று.
முன்வரிசை வெள்ளை உடுப்பு முழுவதும்
பொன்னிறப் பொட்டு.

ஏழாம் நிமிடத்தில் மனேஜர் கையை ஆட்டினார். நிறுத்தினோம்.
பத்து நிமிடமில்லையே என்று
காசில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

சூடு ஆறுமுன் நான் குனிந்து
மூட்டைச் சுற்றி விரலை ஓட்டினேன்.
உலர்ந்திருந்தது.
ஒரு சொட்டுக்கூட விடவில்லை, வீராயி.