கால் அளவு

வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்கு
முவெய்லாவில் ஒரு ஹார்ன், சின்னதாக.
மகிழன் வருவான், ஒரு கையில் வயலின்,
மறு கையில் பாதி தின்ற பிஸ்கட்.
நஹ்தாவில் ருஷ்தா.
இரண்டு கட்டடம் தள்ளி டெல்பின்,
எப்போதும் ஷூ லேஸ் கட்டாமல்.

கார் லிஃப்ட் என்று சொல்லக்கூடாது.
யாராவது நிறுத்திக் கேட்டால் நான் சித்தப்பா.
மூவருக்கும்.
ஒருத்தி காயல்பட்டினம், ஒருத்தி வேம்பார்,
ஒருத்தன் தாராபுரம்.
நல்ல குடும்பம்தான் எங்கள் குடும்பம்.

வயலினுக்கும் சட்டை மாதிரி அளவு உண்டென்று
இங்கே வந்துதான் தெரியும் எனக்கு.
எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால்.
கை வளர வளர மாற்ற வேண்டும்.
மகிழனுடையது எட்டில் ஒன்று,
என் சாப்பாட்டு கேரியரைவிடக் கொஞ்சம் நீளம்.
டெல்பினுடையது கால்.
"கால்னா கால் இல்ல சித்தப்பா,
கால்வாசி."

நீனோ மிஸ் ஜார்ஜியாக்காரர்.
தமிழ் தெரியாது. கோபம் எல்லா மொழியிலும் வரும்.
வில் இழுக்க ஆளுக்கொரு சொல் கொண்டு வாருங்கள்,
வாய் சொல்லச் சொல்லக் கை இழுக்கட்டும் என்றாராம்.
பிள்ளைகள் யோசித்தார்கள்.
மூவருக்கும் பொதுவாகத் தெரிந்தது
என் வண்டி போகிற வழி.

மு வெய் லா, மு வெய் லா,
நஹ் தா, நஹ் தா,
கி... ஸைஸ்.

கிஸைஸுக்கு வில்லின் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு.
ஆறு வருஷமாக நான் திட்டிக்கொண்டே ஓட்டிய சாலை
கதவிடுக்கு வழியாக வந்தது,
ஆணியால் கண்ணாடியைக் கீறினாற்போல.
இப்போதெல்லாம் சிக்னலில் விரல் தானாக
ஸ்டியரிங்கைத் தட்டுகிறது.
பின்சீட்டிலிருந்து மகிழன்:
"தப்பு. நஹ்தா இவ்ளோ நீளமில்ல."

ஜூலையில் ஒரு நாள்
டெல்பின் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டாள்.
நானும் பார்க்கவில்லை.
சனிக்கிழமை முழுக்க மணல் திடலில் நின்றது வண்டி.
ஞாயிறு கதவைத் திறந்தால் வார்னிஷ் வாடை.
தந்திகள் தொளதொளத்து,
குதிரை சாய்ந்து,
மேல்பலகை ஓரமாக வாய் பிளந்திருந்தது.
ஒரு திர்ஹம் காசு நுழைகிற அளவு.
நுழைத்துப் பார்த்தேன்.
எடுத்துவிட்டேன்.

டெல்பின் அழவில்லை.
"அதுக்கு வலிக்குமா?" என்றாள்.
வாடகை வயலின். டெபாசிட் முந்நூறு.

ஃபெவிக்கால் வாங்கிவைத்திருந்தேன்.
டப்பாவைப் பார்த்ததும் நீனோ மிஸ்
நெஞ்சில் கை வைத்தார்.
உடைந்த ஆங்கிலத்தில் அவரும்
அதைவிட உடைந்ததில் நானும் பேசியதில் புரிந்தது:
இதற்குப் பசை வேறு.
சூடு தாங்காதபோது முதலில் பசை விட்டுவிடும்,
விட வேண்டும்.
விடாத பசை போட்டால்
பலகை வெடிக்கும்.
எனக்கு எங்கள் பழைய கேம்ப் அறை ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை. சொல்ல ஆங்கிலமும் இல்லை.

பழுதுச் சீட்டில் கையெழுத்து.
பெயர், போன் நம்பர்,
பிள்ளைக்கு என்ன உறவு.
பேனா அங்கே நின்றது.
வகுப்பறையில் இன்ஸ்பெக்டர் யாரும் இல்லை.
டெல்பின் தன் ஷூ லேஸைப் பார்த்தபடியே
நீனோ மிஸ்ஸுக்கு எழுத்துக் கூட்டினாள்:
"எஸ், ஐ, டி, டி..."

செப்டம்பரில் மகிழனுக்குக் கை நீண்டுவிட்டது.
கால் வந்தது. எட்டில் ஒன்றைக் கடையில் சேர்க்க
இரண்டு நாள் இருந்தது.
வண்டியில் விடாமல் தோளில் மாட்டிக்கொண்டு
ஐந்து மாடி ஏறினேன், லிஃப்ட் ரிப்பேர்.
அறையில் எல்லோரும் தூங்கியாயிற்று.
கட்டிலுக்கடியில் தள்ளுமுன்
மூடியைக் கொஞ்சம் திறந்து
இருட்டில் ஏதோ ஒரு தந்தியை
ஒரே ஒரு தடவை சுண்டினேன்.

கிஸைஸ்.

மேல்கட்டிலிலிருந்து குரல்:
"அலாரத்த நிறுத்துடா."