பறக்கும் உயரம்

மூன்றாம் இயலுக்கு இன்னும் பெயர் அமையவில்லை.
"பாயான் லெப்பாசில் வன்தட்டு உற்பத்தியும் பெண் தொழிலாளரும்"
என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.
மேற்பார்வையாளருக்கு அது நீளம்.

சுழலும் தட்டுக்கும்
அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே
கிடக்கிற காற்றுக்குப்
பறக்கும் உயரம் என்று பெயர்.
விரல்ரேகைப் பிசுக்கு அதைவிடத் தடிமன்.
பாடநூல்கள் எல்லாம் ஒரே உவமையைச் சொல்கின்றன:
புல்நுனியில் படாமல் புல்வெளி முழுக்கப் பறக்கும்
ஜம்போ விமானம்.
என் வரைபடத்தில் அது
எண்பதுகளில் தொடங்கி
வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும் கோடு.

கோட்டைக் காட்டியதும் கனகேஸ்வரி அக்கா சொன்னார்:
"ஆமா, வருசா வருசம் கொறைச்சாங்க.
எங்க ரெஸ்ட் டைமையுந்தான்."

அது முதல் பேட்டி.
சுங்கை ஆரா அடுக்குமாடி, பதினோராம் மாடி,
லிஃப்ட் ஒன்பதோடு நின்றுவிடும்.
கொடியில் காயும் துணிகளுக்கு மேலே
சக்கரம் இறக்கிய விமானங்கள்.
இரண்டு மணி பதினான்கு நிமிடம் பேசினார்.
பதிவை ஒரே ஒரு வன்தட்டில் வைத்திருந்தேன்.
நகல் எடுப்பதன் அவசியம் பற்றி
என் ஆய்வேட்டின் நாற்பத்தோராம் பக்கம்
மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

பிப்ரவரியில் அது
டிக், டிக், டிக் என்றது.
பிராங்கின் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்கினார்.
முனை தட்டில் விழுந்து உழுதிருந்தது.
அறுபது வெள்ளி வாங்கிக்கொண்டு
பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்,
மீன் மாதிரி.

அந்தப் பையோடு மறுபடி பதினோராம் மாடி.
"ஐயோ மூடு, மூடு" என்று பதறினார் அக்கா.
பிறகு அவரே சிரித்தார்:
"செத்ததுக்கு இனிமே என்ன தூசி."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
மேசையில் புதுப் பதிவுக்கருவி,
சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"இது எங்க லைன் இல்ல. தாய்லாந்து.
இந்தப் பசையப் பாரு,
பீ லெங் இப்படி வச்சா
திருப்பி அனுப்பியிருப்பா."

தட்டு கண்ணாடியாகப் பளபளத்தது.
அதில் அவர் முகம்,
கன்னத்தின் குறுக்கே
வளையமாய் ஒரு கீறல்.

"என்னா, எல்லாம் போச்சா?
சரி, மறுபடி சொல்றேன்."

லைன் மூடிய நாள்.
முதல் முறை சொன்னபோது
கேக் வெட்டினார்கள் என்றார். ரொஹானி அழுதாள்,
ஏழு பேர் கடைசி பஸ்ஸில் போனோம்.
என் குறிப்பேட்டில் இருப்பது
கேக், ரொஹானி, 7,
பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை.

இந்த முறை கேக் இல்லை.
ரொஹானி அன்றைக்கு லீவு.
உடை மாற்றும் அறையில் அழுதது அக்கா,
முகமூடியைக் கழற்றாமல்,
அதனால் சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை.
பஸ்ஸில் ஒன்பது பேர்.

எது சரி என்று கேட்டேன்.
"மொத சொன்னது ஒங்கிட்ட இருக்கா?"
இல்லை.
"அப்ப இதான்."
எழுந்துபோய்க் கோப்பி கலக்கினார்.

இரவு அறைக்கு வந்து
மூன்று இடங்களில் சேமித்துவிட்டுக் கேட்டேன்.
நான்காம் நிமிடத்தில், அவர் குனிந்த இடத்தில்,
ஒன்றுமே இல்லை.
காற்றாடி இருக்கிறது. கீழே ஒரு மோட்டார்சைக்கிள் இருக்கிறது.
வாய்பிளந்து பார்க்கும் என் மூச்சுகூட இருக்கிறது.
அவருடையது இல்லை.
இருபத்திரண்டு விநாடி.
பிறகு "இது எங்க லைன் இல்ல"வுக்கு முன்னால்
நீளமாய் வெளியேறும் காற்று.
பத்தொன்பது வருடம்
நுண்ணோக்கிக்கு அடியில்
அப்படித்தான் குனிந்திருக்கிறார்.
வேலை போயும் பழக்கம் போகவில்லை.

பெயர்த்தெழுதும்போது முதலில்
(மௌனம்) என்று போட்டேன்.
அடித்துவிட்டு,
(மூச்சை நிறுத்துகிறார், 22 வி.) என்று திருத்தினேன்.

மேற்பார்வையாளர் ஓரத்தில் பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
பறக்கும் உயரத்துக்கு அலகு விடுபட்டிருக்கிறது என்றும்.