அட்டவணையில் இல்லாதவை

மொன்டெவிடியோவில்
திருடுபோன சைக்கிள்களுக்கென்று ஓர் இணையதளம்.
அதன் கொல்லைப்புறம் என் பொறுப்பு.

முதலில் படங்களும் தரவுத்தளத்திலேயே இருந்தன.
பெயர், தொலைபேசி, தொலைத்த தெரு,
அதே வரிசையில் ஒட்டிக்கொண்டு
நான்கு மெகாபைட் ஹேண்டில்பார்.
கொடிக்குக் காய் பாரமா என்பது
வாஷிங்டன் பின்டோஸின் கட்சி.
இருந்தால் இரண்டும் இருக்கட்டும்,
போனால் இரண்டும் போகட்டும்.

பாரம்தான்.
ராத்திரி நகலெடுக்கத் தொடங்கினால்
காலை பத்து மணிக்கும்
மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும்.

ஜூலையில் பிரித்தேன்.
படங்கள் வட்டில், கோப்புறைக்குள் கோப்புறையாக.
அட்டவணையில் அவற்றின் பாதை மட்டும்.
முப்பத்தொன்பது நிமிடத்தில் நகல் முடிந்தது.
வாஷிங்டன் ஒன்றும் சொல்லாமல்
மாத்தே குடுவையை என் பக்கம் தள்ளினான்.
அவனைப் பொறுத்தவரை அது பாராட்டு.

அக்டோபரில் எண்ணிப் பார்த்தேன்.
வட்டில் பதினான்கு படங்கள் அதிகம்.
குப்பை, அழித்துவிடு, என்றான்.
அழிக்க ஒரே ஒரு வரி. எழுதியும் விட்டேன்.

எழுதிய கையோடு ஒன்றைத் திறந்தேன்.
சிவப்பு சைக்கிள். பின்னால் குழந்தை இருக்கை,
அதில் ஒற்றைக் கையுறை.
சாய்த்து நிறுத்திய நீலச் சுவரில்
1417.

பிறகுதான் உறைத்தது.
படம் வந்து இறங்கியிருக்கிறது,
பெயரை எழுதும் நொடியில்
அறுந்திருக்கிறது தொடர்பு.
பேருந்திலோ மழையிலோ
யாரோ 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டுக்
கைப்பேசியைப் பைக்குள் போட்டிருக்கிறார்கள்,
சொல்லியாயிற்று என்று நம்பி.

நாங்கள் தேடவே இல்லை.

பழைய முறையில் என்றால்
படமும் பெயரோடு சேர்ந்தே போயிருக்கும்.
இப்படி ஒருவர் காத்திருப்பதே
எனக்குத் தெரிய வந்திருக்காது.
எது மேல் என்று யாராவது கேட்டால்
இப்போது எனக்கு வாய் வருவதில்லை.
அழிக்கும் வரி அங்கேயே இருக்கிறது,
முன்னால் ஒரு குறி போட்டு
ஊமையாக்கி வைத்திருக்கிறேன்.

மூன்று ஞாயிறு
பலெர்மோ பகுதியில் சுவர் பார்த்து நடந்தேன்.
நீலம் வெளுத்திருந்தது. எண் அதேதான்.

யார்? உள்ளிருந்து ஒரு பெண் குரல்.
நஹிர் எச்செவெரி. சைக்கிள் விஷயமாக.

சங்கிலி அவசரமாக விலகியது.
கிடைத்துவிட்டதா?

நோட்டைத் திறந்தேன்.
பெயர் சொல்லுங்கள், என்றேன்.
முதலில் பெயர்.