நிகர எடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு
இந்தப் பக்கம் நூறடியில் எடைமேடை.
இரவுப் பணி எனக்கு.
லாரி ஏறும், சிவப்பு எண்கள் ஓடும், நிற்கும்.
சீட்டில் மூன்று வரி:
மொத்தம், வெறும் வண்டி, நிகரம்.
எண்பது ரூபாய்.

வண்டி வராத நேரத்தில்
வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன்,
கோவை மாத இதழ் ஒன்றுக்கு.
என்ன எழுதினாலும் கடைசியில் பத்துக்கு இத்தனை என்று
ஒரு மார்க் வேண்டும் ஆக்னஸுக்கு.
மார்க் இல்லாத பக்கம் அச்சேறாது.

கார் பந்தயம் ஒன்று.
கண்ணாடியில் மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாய் வழிந்தது.
எட்டு மணி நேரம் ஓட்டியும்
ஒரு வேகத்தடை இல்லை, குறுக்கே ஓர் எருமை இல்லை,
முதுகில் ஏறுகிற மாதிரி வந்து ஹாரனடிக்கும்
கேரள அரசு பஸ் இல்லை.
ஏழு.

விவசாய கேம்.
நட்ட மூன்றாம் நிமிடம் தென்னையில் காய்.
வெள்ளை ஈ கிடையாது, வேர்வாடல் கிடையாது,
கேட்ட விலைக்குப் போகிறது தேங்காய்.
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த
முதலாளி ராக்கியப்பன் கேட்டார்:
"இந்த ஊர்ல சென்ட் என்ன விலைங்க போகுது?"
அதையே முதல் வரியாக வைத்தேன்.
ஆறரை.

பேய் கேமை அமாவாசையன்று ஆடினேன்.
கரண்ட் போய் யு.பி.எஸ். கீச்சிட்ட நேரம்
கண்ணாடியில் யாரோ தட்ட, அலறிவிட்டேன்.
"வெயிட்டு போடடோ" என்றான் சிவதாசன்,
தத்தமங்கலத்துக்காரன், பூசணி லோடு.
கேமுக்கு மூன்று.
அவனுக்கு ஒன்பது தரலாம்.

புதிர் வகை எனக்கு வராது.
நான்காம் கட்டத்தில் மாட்டிக்கொண்டவன்
எட்டு போட்டேன், அதையும் மறைக்காமல் எழுதினேன்.

பந்துக்கும் பேய்க்கும் ஒரே பத்தா என்று
ஆக்னஸ்தான் ஒருநாள் கேட்டாள்.
தேங்காயும் எம்-சாண்டும் உயிர்க்கோழியும்
ஒரே மேடையில்தானே ஏறுகின்றன என்றேன்.
"கோழி கத்துமே, அதை எந்த வரியில எழுதுவீங்க?" என்றாள்.
பதில் இல்லை.

போன மாசம் செவ்வாய், ஒரு மணல் லோடு.
டிரைவர் ஐநூறு ரூபாயை மடித்து
சீட்டு நோட்டுக்கு அடியில் தள்ளினான்.
நானூறு கிலோ குறைத்துப் போட வேண்டுமாம்.
முடியாது என்றேன்.
மெஷினுக்கு ஆள் தெரியாது என்றேன்.
இன்னும் என்னென்னவோ சொன்னேன்.
அவன் போன பிறகும் வெகுநேரம்
முதுகு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது.
வாள்சண்டை கேம், கூடவே ஒரு ஹெட்போன்.
கடிதத்தில் எதுவும் கேட்கவில்லை.
போனில் ஒரு பெண் மட்டும், தயங்கித் தயங்கி:
"ஏழு வந்தா எங்க பசங்களுக்கு போனஸ் சார்.
பதினொரு பேர். ரெண்டு வருஷ வேலை."

ஆறரை என்று எழுதி வைத்திருந்தேன்.
பதினைந்து மணி நேரம் வெட்டியும்
அந்த வீரன் கை ஒருமுறையும் களைக்கவில்லை.
அதுதான் குறை. பெரிய குறையா?
அரை மார்க்தானே.
ஏழு என்று திருத்தினேன்.

பதினொரு பேருக்காகவா, ஹெட்போனுக்காகவா,
வண்டி வேறு லோடு வேறு என்று
இதைப் பிரித்துப் போட எனக்குத் தெரியவில்லை.

விடியற்காலை.
சித்தூர்த் தோப்புகளுக்குக் கள்ளு வேன்கள்
காலிக் கேன்கள் உருள ஓடின.
மேடை வெறுமனே கிடந்தது. ஏறி நின்றேன்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இது.
அறுபத்தொன்பது கிலோ ஆள் நான்.
கேபின் மேலிருந்த போர்டு
அறுபது என்றது.
போய் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன்.
அறுபது.
அதைக் கழற்றி வெளியே மண்ணில் வைத்தேன்.
அறுபது.

பின்னால் ஹாரன்.
சிவதாசன், அதே பூசணி.
"இறங்கடோ," என்றான்,
"உன்னையும் என் கணக்கில ஏத்திடாதே."