பொருத்தப்பட்டது

திங்கக்கெழமை வெடியால
எட்டு மணிக்கு முந்தி
கேட்டோரத்துக் கரும்பலகையை நாந்தான் அழிக்கோணும்.
ஈரத்துணி ஒருக்கா, காஞ்ச துணி ஒருக்கா.
'இவ்வாரச் செய்திகள்' மட்டும் பெயிண்டு.
அது போகாது.

அழிக்கறதுக்கு முந்தி படிச்சுப்போடுவேன்.
அஞ்சாவது வரைக்கும்
நானும் கரட்டாங்காட்டுப்புதூர்ப் பள்ளிக்கூடந்தான்.
எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள
நூல்மில்லுச் சங்கு ஊதிப்போடும்.

போன வாரத்துச் செய்தி:
வட்டாரக் கோ-கோவில் நம் பள்ளி இரண்டாமிடம்.
மொத்தமே மூணு டீமுங்க.
அது எழுதலை.

உதவித்தொகைத் தேர்வை ஒன்பது பேர் எழுதினர்.
பத்தாவது ஆளு பூவரசன்.
அவிய அய்யன் தேங்காய் லோடுக்குப் போயிட்டதுல
அன்னைக்குப் பூராம் ஆட்டுப்பட்டியில கெடந்தான்.
ஹால் டிக்கெட்டு சட்டைப்பையில இருந்துதாம்.

கனமழை விடுமுறைக்கு ஈடாக
வரும் சனிக்கிழமை பள்ளி உண்டு.
கனமழை!
கொரங்காட்டு வேலி முள்ளுகூட நனையலை.

பெற்றோர் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது.
வந்தது பதினேழு பேரு.
அதுல நாலு பேரு ஒடிசாக்காரங்க,
சம்பளம் போனாப் போகுதுன்னு லீவு போட்டு வந்து
ஒண்ணும் புரியாம
கடைசி வரைக்கும் நிமுந்து உக்காந்திருந்தாங்க.
கணக்கு வாத்தியார் எப்பத்தான் வருவாருன்னு
ஒரு அம்மா கேட்டுது,
வார்த்தை மாறாம மூணு தரம்.

எழுதறது எட்டாவது சம்யுத்தா.
முக்காலியில ஏறுவா, நான் புடிச்சுக்குவேன்.
பாவு நூலாட்டம் வரி நேராப் போகும்.
அன்னைக்கு என்னவோ திரும்பிக் கேட்டா:
'அக்கா, உங்க சைடுல ஏதாச்சும் நியூஸ் இருக்குங்களா?'

என்ற சைடுல.
சம்பளம் வந்து ரெண்டு மாசமாச்சு.
சீமாறு முச்சூடும் தேஞ்சு காம்பாயிருச்சு.
பினாயில் என்ற காசு.
இதெல்லாம் நியூஸா, வெசனமா?
'பொட்டப்புள்ளைக கக்கூசுக்குக்
கொண்டி போட்டாச்சு, சாமி' ன்னேன்.

ஒரு வருசம்,
ஒருத்தி உள்ள போனா
ஒருத்தி வெளியில கதவப் புடிச்சுட்டு நிப்பா.
கூட்டாளி வராத அன்னைக்குத்
தண்ணியே குடிக்க மாட்டாளுக.
முப்பத்தஞ்சு ரூவாய்க் கொண்டி,
தறிப்பட்டறையில கேட்டு வாங்குன நாலு திருகாணி,
ஞாயித்துக்கெழமை மத்தியானம், யாருமில்லை.
கட்டைவெரல் நகம் இன்னும் கருப்பு.

சம்யுத்தா அடியில எழுதுனா:
மாணவியர் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது.
நல்லா இருந்துது.
முத்துப்புள்ளிகூட உருண்டையா.

புதன்கெழமை ஏழாவது வகுப்போரம் கூட்டிட்டிருந்தேன்.
தமிழ் டீச்சர் சொல்லிட்டிருந்தாங்க:
'தச்சர் கதவைச் செய்தார், இது செய்வினை.
கதவு தச்சரால் செய்யப்பட்டது, இது செயப்பாட்டுவினை.
சில இடத்துல தச்சரச் சொல்லாமயே உட்டுப்போடலாம்.
வாக்கியம் நிக்கும்.
தப்பில்லை.'

சன்னலுக்கு வெளியில
சீமாத்தோட நின்னுட்டேன்.
தப்பில்லைதான்.
கதவும்தான் நிக்குது.

இந்தத் திங்கக்கெழமை
கோ-கோவ அழிச்சேன். மழைய அழிச்சேன்.
கூட்டத்த, தேர்வ, ஒம்பது பேர
ஈரத்துணியில ஒரே வழிப்பு.
வெள்ளைத் தண்ணி முழங்கை வரைக்கும் ஒழுகுச்சு.
சம்யுத்தா வந்தா, பாத்தா,
ஒண்ணும் கேக்காம
மிச்ச எடத்துல புதுச்செய்தி எழுதிட்டுப் போயிட்டா.

மத்தியானம் ஹெச்செம் கூப்புட்டாரு:
'ஏம்மா, பழைய வரி ஒண்ணு அப்படியே இருக்குதே?'

'கை எட்டலீங்க சார்.'

அவரு பலகையப் பாத்தாரு.
என்னையப் பாத்தாரு.

அது கடைசி வரிங்க.
என்ற இடுப்பு ஒசரம்.